உட்கார்ந்து காட்டிய தயாளன்

செய்தி எங்கள் கடையின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, பொன்னேரி ரயில் ஸ்டேஷனுக்குப் புறப்பட நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். "நம்ம தயாளன் அண்ணன் இன்று காலை காலமானார்" என்று டெலிவரி வண்டி டிரைவர் போட்டிருந்தார். அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். எண்ணினேன், பதினொன்று. பன்னிரண்டாவதாக முதலாளியின் செய்தி, இந்த வாரத்துக்குள் விற்றாக வேண்டிய சோபாக்களின் பட்டியல். தினமும் அந்த நேரத்துக்கு வருகிற பட்டியல்தான் அது. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே போட்டிருப்பார். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். வேறு மாதிரி நினைத்தால் நாளைக்கு அவர் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்ல முடியாது.

பதினாறாம் நாள் படத்திறப்பில் ஏதாவது எழுதி வாசிக்கும்படி தயாளன் அண்ணாவின் மனைவி தேவகி அக்கா என்னைக் கேட்டார். கூடவே வேலை செய்தவள் நீதானே என்றார். இங்கே வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டியில் ஏதோ ஒரு கடையில் நிற்கிறவர்கள். துணிக்கடை, மொபைல் கடை, பாத்திரக்கடை. அதனால் நான் சொல்வது உங்களுக்குப் புரியும். கடையின் பெயரை எழுதவில்லை. உங்களுக்கே தெரியும். நாளைக்கும் எனக்கு அங்கேதான் வேலை.

அண்ணாவும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், பதினோரு வருஷத்துக்கு முன்னால். எங்கள் வீட்டு நிலத்தில் விளைவது சாப்பாட்டுக்குத்தான் ஆகும் என்ற நிலை வந்தபோது நான் வேலை தேடினேன். அவர் சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் ஹெல்பராக இருந்து, கம்பெனி மூடியதும் வந்தவர். முதலாளி என்னிடம் படிப்பைக் கேட்டார், கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டார். அண்ணாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எவ்ளோ வெயிட்டு இருப்பீங்க?" நூற்று நாலு கிலோ என்று அண்ணா வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். "நாளையிலேர்ந்து வந்துடுங்க" என்றார் முதலாளி.

எதற்கு எடையைக் கேட்டார் என்பது முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது. நம் பக்கத்து ஜனங்களுக்கு சோபா மேல் நம்பிக்கை கிடையாது. விரலால் தட்டிப் பார்ப்பார்கள், துணியை இழுத்துப் பார்ப்பார்கள், அடியில் குனிந்து பார்ப்பார்கள், கடைசியில் "தாங்குமா?" என்பார்கள். தேக்கு, சால் மரம், பத்து வருஷ கேரண்டி என்று நாங்கள் மூச்சு விடாமல் பேசினாலும் முகம் மாறாது. அப்போது அண்ணா வருவார். ஒன்றும் பேசாமல் சோபாவின் நடுவில் தொப்பென்று உட்கார்ந்து இரண்டு குலுக்குக் குலுக்குவார். "நானே ஒக்காந்துகினேன், ஒண்ணும் ஆவல. உங்க ஊட்ல என்னவிட யாரு இருக்கா?" என்பார். சிரிப்பார்கள். பாதிப் பேர் வாங்குவார்கள். எங்கள் கடையில் அதற்கு டெமோ என்று பெயர். அந்தப் பத்து நிமிஷம்தான் அண்ணா சோபாவில் உட்காரலாம்.

மற்ற நேரம் யாரும் உட்காரக் கூடாது. இரண்டு மாடி நிறைய சோபா, கட்டில், டைனிங் செட், ஆடும் நாற்காலி, ஊஞ்சல். அதற்கு நடுவில் காலை ஒன்பதரை முதல் ராத்திரி ஒன்பது வரை நாங்கள் நிற்போம். உட்கார்ந்திருக்கும் சேல்ஸ்மேனைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கஸ்டமர் உள்ளே வரமாட்டான் என்பது முதலாளியின் நம்பிக்கை. மேலே மாடிக்கு நாலு கேமரா, கீழே ஆறு. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது முதலாளி சட்டத்துக்கு மரியாதை கொடுத்தார். எதிர்க்கடையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி மெத்தை அடுக்குக்குப் பின்னால் போட்டார். சோபாக் கடைக்காரர் ஸ்டூல் வாங்கிக்கொண்டு போகிறாரே என்று எதிர்க்கடைக்காரர் கேட்டாராம். ஒரே வாரத்தில் ஒன்றின் மேல் மணி பிளான்ட் தொட்டி ஏறியது, இன்னொன்றின் மேல் கேட்லாக். உட்காராதே என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் உட்காரவில்லை.

கஸ்டமர் இருக்கும்போது நிற்பது தெரியாது. நடப்போம், பேசுவோம், மெத்தையைப் புரட்டுவோம். தேர்வாய் கண்டிகை கம்பெனிகளில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கூட்டமாக வந்து மடக்குக் கட்டில் வாங்குவார்கள். வடநாட்டுப் பையன்களிடம் அண்ணா தனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையையும் ஒரே மூச்சில் பேசிவிட்டு, மீதியைக் கையால் பேசுவார். கல்யாண சீசனில் கட்டில், பீரோ, மெத்தை, டிரெஸ்ஸிங் டேபிள் என்று செட்டாகப் போகும். ஆடி வந்தால் முடிந்தது. ஆடியில் யாரும் கல்யாணக் கட்டில் வாங்கமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை எந்த மாசத்திலும் வாங்கமாட்டார்கள். வாசலில் தள்ளுபடி பேனர் ஆடிக்கொண்டிருக்கும், உள்ளே நாங்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்போம். "ஆளு வந்தா காலு இருக்கறதே தெர்லமா. யாரும் இல்லாதப்பதான் ரெண்டு காலும் நம்மளுதுன்னு தெரியுது" என்பார் அண்ணா.

ஒரு தடவை ஐ.டி. கம்பெனி மாதிரி அட்டை மாட்டிய புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். ஒவ்வொரு சோபாவாக அண்ணாவை உட்காரச் சொல்லிப் பார்த்தார்கள். ஏழு சோபா. ஏழிலும் உட்கார்ந்து குலுக்கினார். கடைசியில் விலைச்சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, ஆன்லைனில் இதே மாடல் கம்மியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனார்கள். அவர்கள் பின்னாலேயே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமா என்றிருந்தது. அண்ணா என்னைப் பார்த்துச் சிரித்தார். "போவட்டும் உடுமா. ஏழு தபா ஒக்காந்தேன் இல்ல?" என்றார். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைத்தேன்.

வேடிக்கை இல்லை என்று ரயிலில் தெரிந்தது. நான் பொன்னேரியில் ஏறுவேன், அவர் கவரைப்பேட்டையில் ஏறுவார். கம்பெனி ஆட்களின் கூட்டத்தில் அவருக்கு ஒரு இடம் பிடித்து வைப்பேன். ஒரு நாள் உட்கார்ந்ததும் பேன்ட்டை முழங்காலுக்கு ஏற்றி, "இதப் பாரு" என்றார். இடது கால் நரம்பெல்லாம் நீலமாகப் புடைத்துச் சுருண்டிருந்தது. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். வெரிகோஸ் என்றார்களாம் பொன்னேரி ஆஸ்பத்திரியில். "நிக்காதீங்கன்றாரு டாக்டரு. வேலைய உட்டுடுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல அவருக்குக் கஷ்டமா இருக்கு போல" என்றார் அண்ணா. காலுக்கு இறுக்கமான உறை ஒன்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அடுத்த இரண்டு வருஷமும் நின்றார்.

அந்த நாட்களில்தான் அவருடைய டெமோ நீண்டுகொண்டே போனது. உட்கார்ந்தபடியே சோபாவின் சரித்திரத்தைச் சொல்வார். எந்தக் காட்டு மரம், எந்த ஊர்ப் பஞ்சு, துணியை எப்படித் துவைப்பது, பூனை இருக்கிற வீட்டில் என்ன செய்வது. ஒரு ஆடி மாச மத்தியானம் ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா இரண்டு மகன்களோடு சாய்வு சோபா பார்க்க வந்தார். அண்ணா அதில் உட்கார்ந்து, பக்கத்துக் கைப்பிடியை இழுத்து, காலை நீட்டி, "இதுல இன்னா விசேஷம்னா" என்று ஆரம்பித்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிப்போனார்.

நான் ஓடினேன். அந்த அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "எழுப்பாதம்மா. பேசிக்கினே தூங்கிட்டாரு பாரு. இதுக்கு மேல இன்னா சர்டிபிகேட்டு வேணும்? இதையே போட்டுடுங்க" என்று மெல்லிய குரலில் சொன்னார். அவர் படுத்திருக்கும் அதே சோபாதான் வேண்டும், வேறு பீஸ் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். பில் போட்டு, முகவரி எழுதி, வண்டி வந்து, தூக்குகிறவர்கள் இரண்டு பேர் வந்து பக்கத்தில் நிற்கும் வரை அண்ணா தூங்கினார். ஒரு வாரம் நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அண்ணாவும் சிரித்தார், ஆனால் பயந்துதான் இருந்தார்.

முதலாளி திட்டவில்லை. கேமராவில் பதிவான பதினெட்டு நிமிஷத்தையும் வெட்டி எடுத்து, ஒரு எழுத்துக்கூட எழுதாமல் எங்கள் குழுவில் போட்டார். மறுநாள் டெமோ இரண்டு நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. விற்றுப்போன சோபாவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

இப்போது ஒரு சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் வேலை செய்கிறவர்கள் உட்காரலாம் என்று இருப்பது ஒரே ஒரு இடம், பில்லிங் கவுன்ட்டர். சக்கரம் வைத்த கறுப்பு நாற்காலி, கை வைக்கும் இடத்தில் ரெக்சின் உரிந்திருக்கும். அதில் இருந்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஆவணி பிறந்ததும் நின்றுவிடப் போவதாகச் சொன்னாள். அன்றைக்கு சாயங்காலம் ரயிலில் அண்ணா என்னிடம் சொன்னார்: "கோமதி, அந்த சீட்டு மட்டும் கெடச்சிதுன்னு வெச்சிக்கோ, இன்னும் பத்து வருஷம் ஓட்டிடுவேன்." அவர் எதையும் இவ்வளவு வெளிப்படையாக ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

சும்மா ஆசைப்படவில்லை. தினமும் மதியம் சாப்பாட்டை அவசர அவசரமாக முடித்துவிட்டு அந்தப் பெண்ணின் பின்னால் போய் நின்று பார்த்தார். எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன வரும், டெலிவரி தேதி எங்கே போடுவது, ரிட்டர்ன் வந்தால் என்ன செய்வது என்று ஒன்று விடாமல் மனப்பாடம் செய்தார். வயது நாற்பத்தெட்டு. பத்தாவது பெயில். ரயிலில் என்னிடம் ஒப்பிப்பார், நான் சரிபார்க்க வேண்டும். எனக்கு அதில் பாதி புரியாது.

முதலாளியிடம் கேட்கத்தான் அவருக்குத் தைரியம் வரவில்லை. தூங்கிய பதினெட்டு நிமிஷம் குறுக்கே நின்றது. நான் கேட்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். எனக்கு எப்போதும் வாய் நீளம். அவருக்குச் சொல்லாமல் ஒரு திங்கட்கிழமை முதலாளியின் அறைக்குப் போனேன்.

கடையில் நிற்கிற உங்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறது. தலைவலி என்று சொல்லலாம், காய்ச்சல் என்று சொல்லலாம், வீட்டில் சாவு என்று சொல்லலாம். கால் வலி என்று மட்டும் முதலாளியிடம் சொல்லக் கூடாது. பதினோரு வருஷம் நின்ற எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் அவருக்கு இரக்கம் வரும் என்று நினைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நரம்பு, புண், டாக்டர் சொன்னது, காலில் போட்டிருக்கும் உறை. டெமோவில் தூங்கியது கூட அதனால்தான் சார், சோம்பேறித்தனம் இல்லை என்றேன். முதலாளி பொறுமையாகக் கேட்டார். "அடடா, இவ்ளோ நாளா சொல்லவே இல்லியே" என்றார். முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. நான் ஏதோ சாதித்த மாதிரி வெளியே வந்தேன்.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். "கால் அந்த நெலமையில இருக்கறவரு எப்ப லீவு போடுவாருன்னு சொல்ல முடியாதும்மா. பில்லிங்ல ஆளு இல்லன்னா கடையே நின்னுடும். உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். நீங்க ஒக்காந்துடுங்க" என்றார். அதோடு நிற்கவில்லை. அவ்வளவு புண்ணை வைத்துக்கொண்டு இனிமேல் அவர் டெமோ செய்ய வேண்டாம், தொப்பென்று உட்கார்ந்து ஏதாவது ஆகிவிட்டால் கடைக்குக் கெட்ட பெயர், வாசலில் நின்று வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லிக் கதவைத் திறந்தால் போதும் என்றார். இரண்டு நிமிஷமும் போயிற்று.

எனக்கு வேண்டாம் சார், அவருக்கே கொடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் சொல்வதற்கு நேரம் இருந்தது. முதலாளி போனில் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார், நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் இரண்டு கால் இருக்கிறது. ராத்திரி வீட்டுக்குப் போனால் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் அடுப்படியில் நிற்பேன். பதினோரு வருஷமாக அந்த நாற்காலியை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அண்ணா மாதிரி வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சரி சார் என்றேன்.

நான் பில்லிங்கில் உட்கார்ந்த முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆவணி முகூர்த்தக் கூட்டம். பதினோரு மணிக்கு கவுன்ட்டர் முன்னால் ஆறு குடும்பம் நின்றது. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதெல்லாம் சும்மா, டைப் அடிக்கத் தெரியும். எதையோ அமுக்கினேன், திரை அப்படியே நின்றுவிட்டது. ஒரு பெரியவர் நல்ல நேரம் போகிறது என்று கத்த ஆரம்பித்தார். வாசலிலிருந்து அண்ணா வந்தார். கவுன்ட்டருக்கு எதிர்ப்பக்கம், கஸ்டமர் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு, திரையைப் பார்க்காமலே சொன்னார். "எஸ்கேப் அமுக்கு. இன்னொரு தபா. இப்போ எஃப் நாலு. பேரு போடு. எண்டர் தட்டாத, மொதல்ல தேதி." அவர் நின்றபடி சொல்லச் சொல்ல நான் உட்கார்ந்தபடி அமுக்கினேன். ஆறு குடும்பத்துக்கும் பில் வந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவராகவே பேசினார். "நீ ஒக்காந்ததுல எனக்கு வருத்தம் இல்லமா. யாராவது ஒக்காரத்தான வேணும். ஆனா என் கால காட்டிக் குடுத்துட்டியே. அத உன்கிட்ட மட்டுந்தான காட்டினேன்." சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

அதன் பிறகு பத்து நாள் கவரைப்பேட்டையில் வேறு பெட்டியில் ஏறினார். பதினோராம் நாள் பழையபடி வந்து நான் பிடித்து வைத்த இடத்தில் உட்கார்ந்தார். என்ன நாஷ்டா சாப்பிட்டாய் என்று கேட்டார். அதைப் பற்றி இருவரும் திரும்பப் பேசவே இல்லை. நான் மன்னிப்பு என்ற வார்த்தையைத் தினமும் பொன்னேரியில் எடுத்துக்கொண்டு ஏறுவேன், கும்மிடிப்பூண்டியில் அப்படியே எடுத்துக்கொண்டு இறங்குவேன்.

வாசலில் நாலு மாசம் நின்றார். வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து வணக்கம் சொன்னார். கடைசி வாரம் மூச்சு வாங்குகிறது என்றார், ரயில் படியேற என் தோளைப் பிடித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை அவருக்கு வார விடுமுறை. காலையில் பல் தேய்க்க எழுந்தவர் கிணற்றடியில் விழுந்திருக்கிறார். காலில் கட்டிய ரத்தம் நெஞ்சுக்குப் போய் அடைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். கடை சார்பில் பெரிய ரோஜா மாலை வந்தது. முதலாளியே நேரில் வந்து போட்டார், கண் கலங்கினார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. சொல்ல முடிந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அன்றைக்கு தேவகி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவில் ஒன்று கேட்டார். "அந்த பில்லு போடற சீட்டுக்கு எவ்ளோ ஆசப்பட்டாரு தெரியுமா. யாரோ வெளியாளுக்குக் குடுத்துட்டாங்கன்னாரு. யாருமா அது?" நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அண்ணா வீட்டில் என் பெயரைச் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாலு மாசம் அந்த வீட்டுக்கு நான் போய் வந்திருக்கிறேன், அக்கா கையால் காபி குடித்திருக்கிறேன், தீபாவளிக்குப் புடவை கூட வைத்துக் கொடுத்தார். "யாரோ ஒரு பொண்ணுக்கா, புதுசு" என்றேன்.

அண்ணாவின் நினைவாக உங்களிடம் என்ன இருக்கிறது என்று இங்கே ஒவ்வொருவராகச் சொல்கிறீர்கள். ஒருவர் அவர் சிரிப்பு என்றார், ஒருவர் அவர் பேச்சு என்றார். தேவகி அக்கா, புதுப் பெண் என்று யாரும் கிடையாது. அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பது நான். அவருடையது என்று என்னிடம் இருப்பது அதுதான். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர் போட்டோவில் இருக்கிறார். அதை விட்டுவிடும் மனசும் எனக்கு வரவில்லை. நாளைக்குக் காலை ஒன்பதரைக்குப் போய் அதில்தான் உட்காருவேன்.